ஜோடி காட்டப்பட்டது

பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் மாடி ஏறினால் ஆட்கள், படி இறங்கினால் குடைகள். தரைமட்டத்துக்குக் கீழே இருந்த அந்த நீள அறைக்குத் 'தவறவிட்ட பொருள் பிரிவு' என்று பெயர். பயணிகள் வண்டியில் விட்டுப்போனதை நடத்துநர்கள் சாயங்காலம் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். தொண்ணூறு நாள் வைத்திருந்து, உரியவர் வந்தால் கொடுக்க வேண்டும்; வராவிட்டால் ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பதினேழு வருடமாக உட்கார்ந்திருந்தவரைக் கழகம் முழுக்கக் 'குடைக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

அறையில் இரண்டே மேசை. எதிர் மேசையில் டீச்சர். இருபது வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் வேலை பார்த்தவர். வேலை போனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது. பொருள்களையும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். கைப்பேசி, பர்ஸ், பை, சான்றிதழ் எல்லாம் டீச்சருக்கு. குடை, தொப்பி, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், செருப்பு எல்லாம் இவருக்கு.

ஒருவர் கொடுத்த பொருளுக்கு மற்றவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருந்தது. பார்த்துப் போட வேண்டும் என்றும் அதே விதியில் இருந்தது. பதினேழு வருடத்தில் அந்த இரண்டாவது பாதி தேய்ந்துபோயிற்று. பதிவேட்டை மேசைக்கு மேசை தள்ளுவார்கள், தலை நிமிராமல் கிறுக்குவார்கள், மறுபடி தள்ளுவார்கள். அடையாளம் என்ற கட்டத்தில் எழுதுவதற்கும் வாக்கியங்கள் தயாராக இருந்தன. குடைக்கு 'உள் அடையாளம் சொல்லப்பட்டது'. கண்ணாடிக்குப் 'போட்டுக் காட்டப்பட்டது'. ஒற்றைச் செருப்புக்கு 'ஜோடி காட்டப்பட்டது'. கையில் பேனாவைக் கொடுத்தால் குடைக்காரர் இவற்றைக் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிவிடுவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அறைக்குள் ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது. முதல் மாடியில் இருக்கும் கண்காணிப்பாளர் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த மூன்று மாதத்தில், வந்த பொருளில் அதிகச் சதவீதத்தை உரியவரிடம் சேர்ப்பவர் யாரோ அவருக்கே அந்த நாற்காலி.

குடைக்காரர் அதை மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அவருக்கு வயிறு எரிந்தது. பர்ஸைத் தொலைத்தவன் அன்றைக்கே இந்தப் படியில் உருண்டு வருவான். குடையைத் தொலைத்தவன் நனைந்துகொண்டே போய் இன்னொரு குடை வாங்குவான். தண்ணீர் பாட்டிலைத் தேடி மனிதர் யாராவது வந்தது உண்டா?

போதாக்குறைக்கு டீச்சர் வேறு கைவரிசை காட்டினார். சுற்றறிக்கை வந்த வாரமே நடத்துநர் ஒருவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் அதைத் திறந்து பார்த்துவிட்டு எதிர் மேசைக்குத் தள்ளினார்.

"டீச்சர், இது பை. பைன்னா உங்க பக்கம்."

"பைக்குள்ள என்ன சார் இருக்கு? செருப்பு. அப்போ இது செருப்பு."

"பையில வந்திருக்கே!"

"செருப்பு ஒரு பை போட்டுட்டு வந்திருக்கு சார், அவ்வளவுதான்."

உள்ளே இருந்தது ஒற்றைச் செருப்பு. இடது கால். கறுப்புத் தோல், பின்வார், அடிப்பாகம் மட்டும் மூன்று விரல் உயரம். ஒரு கால் கட்டையாக இருக்கும் யாருக்கோ அளவெடுத்துத் தைத்தது. குடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அதைத் தன் அலமாரியில் வைத்தார்.

இரண்டு மாதம் முடிந்தபோது அவரிடம் அறுபது பொருள் வந்திருந்தது, பதினேழு போயிருந்தது. இருபத்தெட்டு சதவீதம். டீச்சர் நாற்பத்தெட்டில் இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது, நான் அக்காகிட்ட சொல்லிட்டேனே!"

"என்ன சொன்னே?"

"நீங்க மாடிக்குப் போறீங்கன்னு. அவ உடனே, 'அப்படியா, நிஜமாவா'ன்னு ரெண்டு தடவை கேட்டா. ரெண்டு தடவை! இப்ப போய் இல்லைன்னு சொன்னா நான் அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

குடைக்காரருக்கு நாற்காலி மேல் ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் அது இல்லாமல் இனி வீட்டுக்குள் நடமாட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பி, பின்பக்கம் கணக்குப் போட்டார். ஐம்பது சதவீதம் வர வேண்டும். இனி வருகிற ஒவ்வொரு பொருளும் திரும்பிப் போகிற பொருளாக இருந்தால், இருபத்தாறு பொருள் போதும். பதினேழும் இருபத்தாறும் நாற்பத்து மூன்று. அறுபதும் இருபத்தாறும் எண்பத்தாறு. சரியாகப் பாதி.

திரும்பிப் போவது உறுதியான பொருள் என்று எதைச் சொல்வது? தொலைத்தவன் யாரென்று முன்கூட்டியே தெரிந்த பொருளைத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை அவர் தன் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கினார். சாயங்காலம் அது அலுவலகம் வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய மைத்துனன் படியிறங்கி வந்து, கம்பியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும் என்று அடையாளம் சொல்லி வாங்கிப்போனான். மைத்துனன் அப்போது வேலையில்லாமல் அக்கா வீட்டில் இருந்தான். ஆறு இடத்தில் வேலை பார்த்துவிட்டான். ஆறு இடத்திலும் முதலாளிக்கு அறிவு போதவில்லை.

பிறகு குடும்பமே தொலைக்க ஆரம்பித்தது. மனைவி தொப்பி தொலைத்தாள். மைத்துனன் தினமும் ஒரு தண்ணீர் பாட்டில் தொலைத்தான். ஆனால் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மாமியார்தான். மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்தவர் முதல் படியிலேயே அழத் தொடங்கி, கடைசிப் படிக்கு வரும்போது மூச்சு வாங்க நின்றார்.

"ஐயா, அந்தக் கண்ணாடி இல்லாம இருபது நாளா என் மகள் முகத்தையே நான் பாக்கலய்யா!"

டீச்சர் எழுந்து தண்ணீர் கொடுத்தார். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "நேத்துத்தானேம்மா தொலைச்சிருக்கீங்க?" என்றார்.

"நேத்தா?" மாமியார் கண்ணைத் துடைத்தார். "எனக்கு இருபது நாள் மாதிரி இருக்கும்மா."

அன்று வீட்டுக்கு வந்த குடைக்காரர், "அத்தை, அவ்வளவு அழ வேண்டாம்" என்றார். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏன் மாப்பிள்ளை, நல்லா இல்லையா?" என்றார். நன்றாக இருந்தது என்று சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அலுவலகத்திலிருந்து யாராவது விசாரித்தால் சொல்வதற்காக, எந்தப் பொருளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். மாமியார் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்த மாதம் மழை சுத்தமாக நின்றிருந்தது. "என்ன சார், வானத்துல ஒரு சொட்டு இல்ல, வண்டியில குடையாக் கொட்டுது" என்று நடத்துநர் ஒருவர் சொன்னபோது, குடைக்காரர் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்தார்.

மூன்றாவது வாரம் கணக்குப் பார்த்தார். வீட்டார் தொலைத்தது முப்பது. வந்து சேர்ந்தது பதினான்கு. மிச்சம் பதினாறைப் பயணிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பதினாறு பேர்! அடுத்தவன் பொருளை எடுக்கறோமேன்னு ஒருத்தனுக்குக்கூட உறுத்தலையே! இப்படி இருந்தா ஊர் எப்படி உருப்படும்?"

"நம்ம நல்ல குடை ரெண்டும் அதுலதான் போச்சு" என்றாள் மனைவி.

மைத்துனன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "மாமா, நீங்க கணக்கையே தப்பாப் போடறீங்க. புதுசாத் தொலைச்சா மேல இருக்கற எண்ணும் ஏறுது, கீழ இருக்கற எண்ணும் ஏறுது. ஏற்கெனவே அலமாரியில கிடக்கறதை நான் வந்து என்னுதுன்னு வாங்கினா, மேல மட்டும்தான் ஏறும்."

"அது அடுத்தவங்க பொருள்டா."

"அறுபது நாளா வந்து கேக்காதவன் அடுத்தவனா? எப்படியும் ஏலத்துல போகப் போகுது. ஏலத்துல எடுக்கறவன் மட்டும் யாரு, சொந்தக்காரனா?"

குடைக்காரர் அன்று கை காய்ந்துபோகும் வரை தட்டின் முன்னாலேயே உட்கார்ந்து யோசித்தார். அது தப்பு என்று சொல்ல நான்கு காரணங்கள் கிடைத்தன. தப்பில்லை என்று சொல்ல ஐந்து கிடைத்தன. ஐந்து பெரியது.

ஆனாலும் அவர் மனசாட்சி உள்ளவர். அறுபது நாளைத் தாண்டிய பொருளை மட்டும்தான் தொடுவது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டார். வெளியார் பொருள் எதுவும் அந்த மாதம் வராததால், இப்போது எழுபத்து நான்குக்கு முப்பத்தொன்று. இன்னும் ஆறு போதும், சரியாகப் பாதி வந்துவிடும். மைத்துனன் ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான், ஒரு நாள் தொப்பியோடு வந்தான். அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஐந்து குடைகள் போயின. ஆறாவதாகப் போக, அறுபது நாளைத் தாண்டிய பொருள் அலமாரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த மூன்று விரல் உயரச் செருப்பு.

மைத்துனன் இடது காலை இழுத்து இழுத்துப் படியிறங்கி வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து முனகினான். செருப்பை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தொலைபேசி எண் என்ற கட்டத்தில் அவனுடைய எண்ணும் அக்காவின் எண்ணும் நண்பர்களின் எண்களும் ஏற்கெனவே பல தடவை வந்துவிட்டதால், ஒரே தடவை வந்திருந்த மாமியாரின் எண்ணை எழுதினான். குடைக்காரர் கை, கேட்காமலே, 'ஜோடி காட்டப்பட்டது' என்று எழுதிப் பதிவேட்டை எதிர் மேசைக்குத் தள்ளியது.

மைத்துனன் வலது காலை இழுத்து இழுத்துப் படியேறினான்.

டீச்சர் பேனாவை எடுத்தபடி நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ பாவம், ரெண்டு காலுமா?" என்றார். கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்திருந்தார்.

"கடுதாசி எழுதாம இத்தனை நாள் விட்டது என் தப்புத்தான். என்ன பண்றது, படுத்த படுக்கையா இருந்தேன். செருப்புக்கு வார் மாத்தணும்னு பையில போட்டுட்டு, பழசை மாட்டிட்டு வண்டியில வந்தேன். இறங்கும்போது பழசு காலை வாரி விட்டுடுச்சு. இடுப்பெலும்பு போச்சு. என்னைத் தூக்கினாங்க, பை வண்டியோட போயிடுச்சு."

சொல்லிக்கொண்டே ஒரு பையைத் திறந்து, கறுப்புத் தோலில் ஒரு வலது கால் செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதோட ஜோடி. உள்ள இருநூத்துப் பன்னெண்டுன்னு செருப்பு தைக்கறவர் நம்பர் போட்டிருப்பார்."

குடைக்காரர் பதிவேட்டைப் புரட்டுவது போலப் புரட்டினார்.

"அது கொடுத்தாச்சேம்மா."

"யாருக்கு?"

"உரியவருக்கு."

"உரியவ நான்தானே?"

எதிர் மேசையிலிருந்து தேன் சொட்டும் குரல் வந்தது. "சார், ஒரு தடவை கொடுத்த பொருளை ரெண்டாவதா யாராவது கேட்டு வந்தா, சிவப்புப் புத்தகத்துல எழுதணும்னு விதி இருக்கே?"

இருந்தது. எழுதாவிட்டால், இந்த அம்மா சொல்வது உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். உண்மை என்றால் முதலில் வாங்கியது யார் என்று வரும். குடைக்காரர் தூசி தட்டி அந்தப் புத்தகத்தை எடுத்து எழுதினார். அவர் எழுதுவதைத் தையல்காரம்மா தலைகீழாகவே படித்துவிட்டார்.

"நான் பொய் சொல்றேன்னு எழுதறீங்களா?"

"பொய்னு எழுதலம்மா. 'போலியாக உரிமை கோரியவர்'னுதான் எழுதறேன். அது வெறும் தலைப்பு."

"அப்போ என் காலும் போலியா? படுக்கையிலேர்ந்து எழுந்ததுலேர்ந்து தையல் மிஷினை ஒத்தைக் காலால மிதிக்கிறேன். அதுவும் வெறும் தலைப்பா?"

அவர் தன் தொலைபேசி எண்ணைச் சொல்லி எழுதச் சொன்னார். வலது செருப்பைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். படியேறிப் போவதற்கு நேரமானது. அந்த நேரம் முழுவதும் குடைக்காரர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், "செருப்பு எங்கடா?" என்றார்.

மைத்துனன் பெருமையாகக் கையைக் காட்டினான். துணி துவைக்கும் இயந்திரத்தின் ஒரு மூலைக்கு அடியில் செருப்பு மல்லாந்து கிடந்தது. "ஆடிட்டே இருந்துச்சு மாமா. இப்ப பாருங்க, அசையுதா? முதல்ல கொஞ்சம் உயரம் ஜாஸ்தியா இருந்துச்சு, அரை விரல் சீவிட்டேன்."

குடைக்காரர் அதை உருவி எடுத்துக் கழுவினார், துடைத்தார், பாலிஷ் போட்டார். சீவிய இடத்தில் இரண்டு தடவை போட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். பதினேழு வருடம் பதிவேடு எழுதியவருக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்தாயிற்று என்று எழுதிய பொருளை மறுபடி கொடுக்க வழியில்லை. கொடுக்க வேண்டுமானால் அது மறுபடி வந்து சேர வேண்டும். வந்து சேர வேண்டுமானால் மறுபடி தொலைய வேண்டும்.

எனவே மறுநாள் காலை அவர் செருப்பைப் பேருந்து இருக்கையில் தொலைத்தார். பதினாறு திருடர்களைப் பார்த்த அனுபவத்தில், இறங்காமல் பின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதைக் காவல் காத்தார். ஒருவர் குனிந்து பார்த்தபோது இருமினார். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் புதிய வரிசை எண்ணோடு பதிவேட்டில் ஏறியது. உடனே தையல்காரம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கிடைச்சிடுச்சும்மா."

"முதல்ல ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரே?"

"அவரே மறுபடி தொலைச்சிட்டார் போலிருக்கு."

"ரொம்ப அஜாக்கிரதையான ஆளா இருப்பார் போல" என்றார் அந்த அம்மா. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் குடைக்காரருக்கு அது உறைத்தது. இதுவரை அவர் சரியாக ஐம்பதில் நின்றார். டீச்சர் ஐம்பது புள்ளி இரண்டு. இந்தச் செருப்பும் போனால் எழுபத்தைந்துக்கு முப்பத்தெட்டு. ஐம்பது புள்ளி ஆறு ஏழு. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். செய்த தப்பைத் திருத்தினால் நாற்காலி கிடைக்கிறது! அவருக்குக் கண் கலங்கியது. நல்லவர்களை உலகம் கைவிடுவதில்லை என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அக்காவுக்கு மறுபடி தொலைபேசினாள்.

வெள்ளிக்கிழமை மேலாளரே படியிறங்கி வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரர். 'பாதிக்கு மேல் திரும்பச் சேர்த்த பிரிவு' என்று ஆண்டறிக்கை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது. அட்டைக்கு ஒரு படம்தான் பாக்கி. தையல்காரம்மாவை நடுவில் நிறுத்தினார்கள். குடைக்காரர் செருப்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்கிட்டு, நன்றின்னு ஒரு வரி எழுதிடுங்கம்மா" என்றார் மேலாளர்.

"எழுதறேன். அதுக்கு முன்னாடி அந்தச் சிவப்புப் புத்தகத்துல என்னை அடிங்க."

மேலாளருக்குச் சிவப்புப் புத்தகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டீச்சர் அதை எடுத்து, சரியான பக்கத்தைத் திறந்தே கொடுத்தார். படித்துவிட்டு மேலாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"இதுல யார் மேலயும் தப்பு இல்லம்மா. உங்களை மாதிரியே காலணி போடற இன்னொருத்தர் வந்து, தன்னுதுன்னு நினைச்சு வாங்கியிருப்பார்."

"அப்படின்னா அவரை நான் பார்க்கணும்."

"எதுக்கும்மா?"

"ஐம்பத்திரண்டு வருஷமா இந்தக் காலோட இருக்கேன் சார். இதே இடது கால், இதே மூணு விரல் கட்டை, இதே பாத அளவுல இன்னொரு கால் இந்த ஊர்ல இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லல. நாங்க ரெண்டு பேரும் ஒரே அச்சுல தைச்சுக்கலாம். போன் நம்பர் இருக்குமே, கூப்பிடுங்க."

"அது... ரகசியம்" என்றார் குடைக்காரர்.

"நல்ல விஷயம்தானே! ரெண்டு பேரையும் சேர்த்தே படம் எடுக்கலாம்" என்ற மேலாளர், பதிவேட்டைப் பார்த்து எண்ணை அழுத்தி, எல்லோரும் கேட்கும்படி கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

"வணக்கம். பேருந்துக் கழகத்திலிருந்து பேசறோம்."

மறுமுனையில் உடனே ஒரு விம்மல் எழுந்தது. "ஐயா! நல்லா இருப்பீங்கய்யா! கிடைச்சிடுச்சுய்யா!"

"என்னம்மா கிடைச்சுது?"

"நீங்க எதைக் கேக்கறீங்களோ அதுதான்யா."

மேலாளர் புருவத்தைத் தூக்கினார். "செருப்பும்மா. இடது கால் செருப்பு."

"ஆமாய்யா, என் செருப்பு! அது இல்லாம இருபது நாளா என் மகள் முகத்தையே நான் பாக்கலய்யா!"

மேலாளர் கைப்பேசியை உற்றுப் பார்த்தார்.

"செருப்பு இல்லைன்னா முகத்தை ஏம்மா பாக்க முடியாது?"

விம்மல் சட்டென்று நின்றது. "ஒரு நிமிஷம் இருங்க" என்ற குரல் சற்றுத் தள்ளிப் போனது. "டேய்! செருப்புக்கு என்ன சொல்லணும்னு மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தாரே, அந்தச் சீட்டு எங்கடா?"

மேலாளர் இணைப்பைத் துண்டித்தார். புகைப்படக்காரர் தன் பெட்டியின் பூட்டை மிகவும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். குடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

மேலாளர் உட்கார்ந்து பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். கண்ணாடி, தொப்பி, பாட்டில், குடை, குடை, குடை. ஒவ்வொரு வரியிலும் இரண்டு கையெழுத்து.

"நீங்க இதையெல்லாம் பாக்கலையா?" என்று டீச்சரைக் கேட்டார்.

"சாட்சிக் கையெழுத்துன்னா கையெழுத்துக்குத்தான் சாட்சின்னு நினைச்சேன் சார்."

"செருப்பு வாங்க வந்த ஆளு எந்தக் காலை நொண்டினான்?"

"வரும்போது இடது, போகும்போது வலது."

"அப்போ பார்த்திருக்கீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். மேலாளர் நெடுநேரம் கூரையைப் பார்த்தார். ஒருவரைப் பிடித்தால் இரண்டு பேரையும் பிடிக்க வேண்டும். இரண்டு பேரையும் பிடித்தால் சதவீதம் விழும். சதவீதம் விழுந்தால் அச்சுக்குப் போன அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டும். அதில் மூன்றாம் பக்கத்தில் அவருடைய படமும் இருந்தது. கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

"இந்தப் பிரிவுல எந்தத் தப்பும் நடக்கல" என்றார். "ரெண்டு பேருமே அபாரமா வேலை செஞ்சிருக்கீங்க. இவ்வளவு திறமையா ரெண்டு பேர் இருக்கும்போது, மேல ஒரு கண்காணிப்பாளர் எதுக்கு? அந்தப் பதவியே தேவையில்லைன்னு இன்னைக்கே எழுதிடறேன்."

குடைக்காரர் வாயைத் திறந்தார். நாங்கள் அவ்வளவு திறமையானவர்கள் இல்லை என்று நிரூபித்தால்தான் அந்தப் பதவி பிழைக்கும். வாயை மூடிக்கொண்டார். டீச்சரும் வாயைத் திறந்து மூடினார். பதினேழு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

தையல்காரம்மாவுக்கு இந்தப் பதவி விவகாரமெல்லாம் தேவையில்லை. அவர் சிவப்புப் புத்தகத்தைத் தட்டினார். குடைக்காரர் அந்த வரியை அடித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'அலுவலகத் தவறு' என்று எழுதினார்.

"அலுவலகம் எப்படி சார் தப்புப் பண்ணும்? அதுக்குக் கை இருக்கா?" என்றார் அந்த அம்மா. அவர் உட்கார்ந்து பழைய ஜோடியைக் கழற்றினார். பையிலிருந்து வலதை எடுத்து மாட்டி, இடதையும் மாட்டிக்கொண்டு எழுந்தார். கதவுவரை நடந்தார். திரும்பி நடந்து வந்தார். பாதி அறையில் நின்றுவிட்டார்.

"அரை விரல் குறையுது."

குனிந்து செருப்பின் அடியைத் தடவினார். விரலில் கறுப்புப் பாலிஷ் ஒட்டியது. குடைக்காரரைப் பார்த்தார்.

பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, பெறுபவர் குறிப்பு என்ற கட்டத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: 'செருப்பு வந்தது. அரை விரல் இன்னும் வர வேண்டும்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டார். இடது செருப்பை மட்டும் கழற்றிக் குடைக்காரரின் மேசைமேல், திறந்திருந்த பதிவேட்டின்மேலேயே வைத்தார்.

"இருநூத்துப் பன்னெண்டுன்னு சொல்லுங்க, செருப்பு தைக்கறவருக்குத் தெரியும். கடை எந்த நிறுத்தம்னு எழுதித் தர்றேன். நீங்களே கொண்டு போங்க, நீங்களே வாங்கிட்டு வந்து என் கடையில கொடுங்க. யாரு இப்படிச் சீவினதுன்னு கேப்பார். கொஞ்சம் கோபக்காரர். ஏதாவது பதில் வச்சுக்கங்க."

மேலாளர் புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அட்டைக்குக் குடைகளை மட்டும் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று படியில் அவர் சொன்னது கீழே கேட்டது.

மதியம் குடைக்காரர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தார். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று மனைவி இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்துவிட்டாள், அவர் எடுக்கவில்லை. முதலில் செருப்பு தைக்கிறவரைச் சமாளிக்க வேண்டும். ஒழுங்காக யோசித்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் கிடைத்தன. எலி கடித்தது. வண்டிச் சக்கரத்தில் மாட்டியது. மைத்துனன் சீவினான். மூன்றையும் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவதில் உண்மை கலந்திருந்தது. அதை முதலில் தள்ளிவிட்டு, மற்ற இரண்டில் எது பொருத்தமாக இருக்கும் என்று செருப்பின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார்.